நியோவிம் பிளகின்: பிளீனரியைக் கழற்றிவிட்டு, உள்ளேயே வரும் லுவா லைப்ரரியை மட்டும் வைத்து எழுத முடியுமா?

#1 கருந்திரை

நியோவிம் எடிட்டரில் மார்க்டவுன், டெக்ஸ்ட் கோப்புகளைச் சேமித்ததும் வெளிநிரல் ஒன்றை ஓட்டி, அது தரும் ஜேசானைப் படித்து, பிழையுள்ள இடங்களை டயக்னாஸ்டிக்காகக் (அடிக்கோடிட்ட பிழைக்குறிப்பாகக்) காட்டும் சின்ன பிளகின் இது. இப்போது பிளீனரி என்ற லுவா துணை லைப்ரரியிலிருந்து மூன்றை எடுத்துப் பயன்படுத்துகிறது: ஜாப் (வெளிநிரலை ஓட்ட), பாத் (கோப்புப் பாதைகளைக் கையாள), ஸ்கேன்டிர் (ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிட). இந்த மூன்றுக்காக மட்டும் பயனர்கள் தனியாக ஒரு லைப்ரரியை நிறுவ வேண்டியிருக்கிறது.

நியோவிமோடு வரும் 'விம்' டேபிளிலேயே இவை எல்லாம் வந்துவிட்டன என்கிறார்கள். எதற்கு எது மாற்று? குறைந்தபட்சப் பதிப்பு எதுவாக வைக்கலாம்? இன்னொன்று: ஆங்கில வரிகளில் அடிக்கோடு சரியாக விழுகிறது, தமிழ் வரிகளில் மட்டும் இடப்பக்கமாகத் தள்ளிப்போய் விழுகிறது. பிழையின் இடமாக வெளிநிரல் தருவது யூனிகோட் கோட்பாயின்ட் (யூனிகோடில் தனி எண் உள்ள குறி) எண்ணிக்கை.

#2 நிரல்குருவி

மூன்றையும் கழற்றலாம், ஆனா அப்படியே ஒன்றுக்கு ஒன்று வராது.

ஜாப்புக்குப் பதில் விம்.சிஸ்டம். கமாண்டை லிஸ்டாகக் கொடுக்கணும், ஷெல் நடுவில் வராது. அதனால் கோப்புப் பெயரில் இடைவெளி, மேற்கோள் குறி எதுவிருந்தாலும் கவலை இல்லை. மூன்றாவது ஆர்க்யுமென்டாக கால்பேக் (வேலை முடிஞ்சதும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) கொடுத்தா பின்னணியில் ஓடும்; கொடுக்காம :வெய்ட்() போட்டா முடியும் வரை நிற்கும். இரண்டிலும் கிடைப்பது கோட், சிக்னல், எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர் உள்ள ஒரே டேபிள்.

பாத்துக்குப் பதிலா ஒரே ஆப்ஜெக்ட் கிடையாது, அதுவும் நல்லதுதான். சேர்க்க விம்.எஃப்எஸ்.ஜாயின்பாத், ப்ராஜெக்ட் வேர் தேட விம்.எஃப்எஸ்.ரூட், சீராக்க விம்.எஃப்எஸ்.நார்மலைஸ். படிக்க, எழுத லுவாவின் ஐஓ.ஓப்பனே போதும். அடுக்கடுக்கா ஃபோல்டர் உருவாக்க விம்.எஃப்என்.எம்கேடிர்-க்கு இரண்டாவது ஆர்க்யுமென்டா 'பி' கொடுங்க, விம்.யுவி (நியோவிமுக்குள் இருக்கும் லிப்யுவி லைப்ரரி) பக்கம் இருக்கும் எஃப்எஸ்_எம்கேடிர் ஒரு நிலைக்கு மேல் உருவாக்காது. யுவியின் எஃப்எஸ்_ஓப்பனில் அனுமதி எண் 438 என்று பல இடத்தில் பார்ப்பீங்க. அது ஆக்டல் 0666. லுவாவில் ஆக்டல் எழுத வழியில்லாததால் தசமத்தில் வந்து நிற்குது.

ஸ்கேன்டிர்-க்கு விம்.எஃப்எஸ்.டிர், ஆழத்தை 'டெப்த்' ஆப்ஷனில் சொல்லலாம். ஆனா பிளீனரியில் இருந்த, கிட்இக்னோரை (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலை) மதிக்கும் ஆப்ஷன் இதில் இல்லை. அது வேணும்னா கிட்டையே கேளுங்க: கிட் எல்எஸ்-ஃபைல்ஸ், கூடவே --கேஷ்ட் --அதர்ஸ் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட், முக்கியமா -இசட். அந்த -இசட் இல்லேன்னா தமிழில் பெயர் வைத்த கோப்பெல்லாம் மேற்கோளுக்குள் \340\256 என்று ஆக்டல் எண்களா வரும். அந்தப் பெயரில் கோப்பே இல்லைன்னு பிளகின் சொல்லும். -இசட் போட்டா பெயர்கள் உள்ளபடியே வரும், நடுவில் பூஜ்ய பைட். விம்.ஸ்ப்ளிட்டில் 'ப்ளெய்ன்', 'ட்ரிம்எம்ப்டி' இரண்டும் ட்ரூ கொடுத்துப் பிரிச்சுக்கலாம்.

#3 எழுத்தாணி

குறைந்தபட்சப் பதிப்பை முதலில் முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. நிரல்குருவி சொன்னவற்றில் விம்.சிஸ்டம், விம்.எஃப்எஸ்.ரூட், விம்.எஃப்எஸ்.ஜாயின்பாத் மூன்றும் 0.10-இல் வந்தவை, அதாவது 2024 மே. விம்.லூப் என்பது விம்.யுவி ஆனதும் அதே பதிப்பில்தான். விம்.எஃப்எஸ் என்ற தொகுதியே 0.8-இல்தான் வந்தது.

லினக்ஸ் விநியோகங்களில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டு 22.04-இல் 0.6.1. டெபியன் 12-இல் 0.7.2. உபுண்டு 24.04-இல் 0.9.5. டெபியன் 13-இல்தான் 0.10.4 வருகிறது. ஆக 0.10 என்று வைத்தால், இன்றைக்கும் பரவலாக இருக்கும் இரண்டு உபுண்டு நீண்டகாலப் பதிப்புகளில் ஆப்ட் (உபுண்டுவின் நிறுவல் கருவி) வழியாக நிறுவியவர்கள் வெளியே நிற்பார்கள். பிளகின் நிறுவுமளவு அக்கறை உள்ளவர்கள் பெரும்பாலும் புதிய நியோவிமைத் தனியாக இறக்கிக்கொள்கிறார்கள் என்பதால் 0.10 என்பதே என் வாக்கு. எதுவானாலும் பிளகின் கோப்பின் முதல் வரியில் பதிப்பைச் சோதித்து, ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லித் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் 'நில் மதிப்பைக் கூப்பிட முயன்றது' என்ற பிழைதான் இஷ்யூவாக வந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சோதனையில் ஒரு பொறி: விம்.எஃப்என்.ஹேஸ் தருவது 0 அல்லது 1. லுவாவில் 0-வும் உண்மைதான். '== 1' என்று ஒப்பிடாமல் இஃப்-க்குள் அப்படியே போட்டால் எல்லாப் பதிப்பும் தேர்ச்சி பெற்றுவிடும். ஃபைல்ரீடபிள், எக்ஸிக்யூட்டபிள், ஈஸ்டைரக்டரி எல்லாவற்றுக்கும் இதே கதை.

#4 வால்மீன்

பிளீனரியிலிருந்து மாறுவோர் அதிகம் கேட்கும் பிழையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இ5560. 'ஃபாஸ்ட் ஈவென்ட் கான்டெக்ஸ்டில் இதைக் கூப்பிடக்கூடாது' என்று வரும்.

காரணம் இது. விம்.சிஸ்டத்தின் கால்பேக், லிப்யுவியின் ஈவென்ட் லூப்புக்குள்ளிருந்து நேராகக் கூப்பிடப்படுகிறது. அந்த நொடியில் எடிட்டர் வேறு வேலையின் நடுவில் இருக்கலாம். பஃபரைத் (எடிட்டரில் திறந்திருக்கும் உரையைத்) தொட்டால் உள்நிலை குலையும். அதனால் ஏபிஐயிலும், விம்.எஃப்என் கீழ் உள்ள விம்ஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களிலும் பெரும்பாலானவை அங்கே தடை. விம்.நோட்டிஃபை கூடத் தடைதான், ஏனென்றால் அது உள்ளே ஏபிஐயைத்தான் கூப்பிடுகிறது.

கால்பேக்கை விம்.ஷெட்யூல்_ரேப்-இல் சுற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் எல்லாவற்றையும் சுற்றவேண்டியதில்லை. விம்.ஜேசான்.டீகோட் அந்தச் சூழலில் ஓடும், விம்.எஃப்என்.ஜேசான்_டீகோட் ஓடாது. பெரிய ஜேசானை முதலில் படித்து வடிகட்டிவிட்டு, பஃபரைத் தொடும் கடைசிப் பகுதியை மட்டும் ஷெட்யூல் செய்யலாம்.

ஷெட்யூல் செய்வதால் இன்னொரு பொறுப்பும் வருகிறது. நிரல் ஓடத் தொடங்கியதற்கும் முடிவு பஃபருக்கு வருவதற்கும் இடையில் பயனர் தட்டிக்கொண்டே இருந்திருப்பார், அல்லது பஃபரையே மூடியிருப்பார். ஓட்டும்போது சேஞ்ச்ட்டிக் எண்ணைக் (பஃபர் மாறும்போதெல்லாம் கூடும் எண்) குறித்து வையுங்கள். கால்பேக்கில் முதலில் என்விம்_பஃப்_ஈஸ்_வேலிட், பிறகு சேஞ்ச்ட்டிக் அதேதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் முடிவைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். இந்த இரண்டு வரி இல்லாத பிளகின்களில்தான் எக்ஸ்ட்மார்க் (உரையோடு நகரும் குறி) வைக்கும்போது 'எண்ட்_கால் எல்லை மீறியது' என்று அவ்வப்போது மட்டும் வரும், திரும்ப வரவழைக்கவே முடியாத பிழை இருக்கும்.

#5 கருந்திரை

நன்றி. ஷெட்யூல்_ரேப் போட்டதும் இ5560 போய்விட்டது. ஆனால் வெளிநிரல் நிறுவப்படாத கணினியில் கால்பேக்குக்கே வராமல் லுவா பிழையாக வெடிக்கிறது. கோட் 127 மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

#6 நிரல்குருவி

127 தருவது ஷெல். இங்கே ஷெல்லே இல்லையே. ப்ராசஸ் பிறக்கவே முடியலேன்னா விம்.சிஸ்டம் அந்த இடத்திலேயே இஎன்ஓஇஎன்டி (அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை) என்று எர்ரர் எறியும். பிகாலில் (எர்ரரைப் பிடிச்சு மதிப்பா தரும் லுவா ஃபங்ஷன்) சுற்றுங்க. கவனிக்க: 'சிடபிள்யூடி' (நிரல் ஓடும் ஃபோல்டர்) ஆப்ஷனில் கொடுத்த ஃபோல்டர் இல்லேன்னாலும் அதே இஎன்ஓஇஎன்டிதான். கோப்பு இன்னும் டிஸ்க்கில் இல்லாத புது ஃபோல்டரில் திறந்திருந்தா, நிரல் இருந்தும் 'நிரல் இல்லை'ன்னு பயனரிடம் பொய் சொல்லிடுவீங்க. இரண்டையும் தனித்தனியா பாருங்க.

விண்டோஸில் இன்னொன்று. என்பிஎம் (நோட்.ஜேஎஸ் நிறுவல் கருவி) வழியா நிறுவிய நிரல்கள் .சிஎம்டி கோப்புகளா இருக்கும். வெறும் பெயரைக் கொடுத்தா லிப்யுவி .காம், .எக்ஸ்இ இரண்டைத்தான் தேடும். விம்.எஃப்என்.எக்ஸிபாத் கொடுத்து முழுப் பாதையை எடுத்து லிஸ்டின் முதல் உறுப்பா வையுங்க.

'டைம்அவுட்' மில்லிசெகண்டில். நேரம் முடிஞ்சா டெர்ம் சிக்னல் போகும், கோட் 124 வரும். :வெய்ட்()டுக்குள் எண் கொடுத்தா அது வேற: அங்கே கில் சிக்னலே போகும், கோட் அதே 124. சேமிக்கும் முன் ஓடும் ஃபார்மேட்டருக்கு இரண்டாவது வகைதான் வேணும், தொங்கிப்போன நிரலால் சேமிப்பே நின்றுவிடக் கூடாது.

எஸ்டிடிஅவுட்டுக்கு ஃபங்ஷன் கொடுத்துத் துண்டு துண்டா வாங்குறதா இருந்தா: துண்டு வரி முடிவில் வெட்டப்படும்னு எந்த உறுதியும் இல்லை. ஒரு தமிழ்க் கோட்பாயின்ட் 3 பைட். அதன் நடுவிலேயே வெட்டுப்படலாம். மிச்சத்தை அடுத்த துண்டோடு ஒட்டிவிட்டு, புதுவரி கிடைக்கும் வரை மட்டும் எடுங்க. கடைசியில் நில் வரும், அப்போ மீதியை முடிங்க. ஃபங்ஷன் கொடுத்த பிறகு முடிவு டேபிளில் எஸ்டிடிஅவுட் இருக்காது. உங்க வேலைக்குத் துண்டு தேவையே இல்லை, மொத்தமா வாங்கிக்கலாம்.

#7 எழுத்தாணி

தமிழ் வரிகளில் அடிக்கோடு தள்ளிப்போவதற்கு வருவோம். நியோவிமின் ஏபிஐ முழுவதும் நெடுவரிசையை பைட்டில் எண்ணுகிறது, 0-இலிருந்து. விம்.டயக்னாஸ்டிக்.செட் வாங்கும் 'கால்', 'எண்ட்_கால்' இரண்டும் பைட்தான். வரி எண்ணும் அதில் 0-இலிருந்து. ஆனால் என்விம்_வின்_கெட்_கர்சர் தரும் வரி எண் 1-இலிருந்து, நெடுவரிசை 0-இலிருந்து.

'வணக்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கோட்பாயின்ட் ஏழு, புள்ளிகள் இரண்டும் தனியாக எண்ணப்படுவதால். பைட் 21. உங்கள் வெளிநிரல் இரண்டாவது 'க'வின் இடத்தை 4 என்று தரும். அதை அப்படியே கொடுத்தால் நியோவிம் எண் 4 உள்ள பைட்டைப் பார்க்கும். அது 'ண'வின் நடுப்பகுதி. சரியான பைட் 12. வரி நீள நீள விலகலும் கூடும். ஆங்கிலத்தில் கோட்பாயின்டும் பைட்டும் ஒன்றே என்பதால் பிழை தெரியவே தெரியாது.

மாற்ற இரண்டு வழி. விம்.ஸ்ட்ர்_பைட்இண்டெக்ஸ் ஒன்று, ஆனால் அதன் ஆர்க்யுமென்ட் வரிசை 0.11-இல் மாறியது, என்கோடிங் பெயர் நடுவில் வந்தது. 0.10-ஐயும் தாங்கவேண்டும் என்றால் விம்.எஃப்என்.பைட்இட்எக்ஸ்காம்ப் தொல்லையில்லாதது. பெயரில் அந்த 'காம்ப்' முக்கியம். அது ஒட்டெழுத்துகளைத் தனியாக எண்ணும்: 'வணக்கம்', 4 கொடுத்தால் 12. வெறும் பைட்இட்எக்ஸ் புள்ளியை முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும்: அதே 4-க்கு 15, அதாவது 'ம்' தொடங்கும் இடம். உங்கள் நிரல் கோட்பாயின்ட் தருவதால் முதலாவதுதான் வேண்டும். நீளம் எண்ணுவதிலும் இப்படியே ஸ்ட்ர்சார்ஸ் 7 தரும், ஸ்ட்ர்சார்லென் 5 தரும்.

செய்தியைச் சுருக்கிக் காட்ட ஸ்ட்ரிங்.சப் பயன்படுத்தாதீர்கள், 3 பைட்டின் நடுவில் வெட்டிவிடும். ஸ்ட்ர்சார்பார்ட் இருக்கிறது, நான்காவது ஆர்க்யுமென்ட் 1 கொடுத்தால் புள்ளி எழுத்தோடே வரும். திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஸ்ட்ர்டிஸ்ப்ளேவிட்த். டெர்மினல் தமிழை எப்படி வரைகிறது என்பதில் நியோவிமுக்குக் கட்டுப்பாடு கிடையாது, ஆகவே வலப்பக்கம் ஒழுங்காக அணிவகுக்கும் மிதக்கும் ஜன்னல் பெட்டிகளைத் தமிழ் உரைக்கு நம்ப வேண்டாம்.

#8 ஒற்றைக்கொம்பு

எல்லாரும் பிளீனரியைப் போட்டு மிதிக்கிறீங்க. ஜாப், பாத் சரி, எடுத்துடலாம். அதிலுள்ள அசிங்க்கும் (பல வேலையை ஒரே நேரத்தில் ஓட்டுறது) டெஸ்ட்டும்? நாலு ப்ராசஸை ஒரே நேரத்தில் ஓட்டி எல்லாம் முடிஞ்சதும் சேர்க்கணும், ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் ஓடக் கூடாதுன்னா அதுல ஜாயின், செமஃபோர், சேனல் எல்லாம் இருக்கு. அதை ஒவ்வொருத்தரும் கையால் எழுதினா ஒவ்வொருத்தரும் ஒரு பிழையோட எழுதுவாங்க.

#9 வால்மீன்

செமஃபோர் வேண்டியிருக்கும் பிளகினுக்கு உங்கள் வாதம் நியாயம். இங்கே ஒரு சேமிப்புக்கு ஒரு ப்ராசஸ். அதற்கு லுவாவின் கோரூட்டினே (நடுவில் நிறுத்தித் தொடரக்கூடிய ஃபங்ஷன்) போதும்: கோரூட்டின்.ரன்னிங் எடுத்து வைத்துக்கொண்டு விம்.சிஸ்டத்தை ஓட்டி, ஷெட்யூல்_ரேப் கால்பேக்கில் ரெஸ்யூம், வெளியே யீல்ட். பத்து வரிக்குள் முடியும்.

நீங்கள் சொல்லும் 'ஒரு பிழை' எது என்று ஊகிக்க முடிகிறது. கோரூட்டின்.ரெஸ்யூம் பிகால் மாதிரி. உள்ளே வெடித்தால் ஃபால்ஸும் செய்தியும் திருப்பித் தரும், மேலே எறியாது. திருப்பித் தந்ததைப் பார்க்காமல் விட்டால் பிளகின் சத்தமில்லாமல் பாதியில் நின்றுவிடும். ஃபால்ஸ் வந்தால் டீபக்.ட்ரேஸ்பேக்கோடு எர்ரர் எறியுங்கள், ட்ரேஸ்பேக்குக்கு அந்தக் கோரூட்டினையே முதல் ஆர்க்யுமென்டாகக் கொடுத்து.

டெஸ்ட்டைப் பொறுத்தவரை, அது உருவாக்குபவரின் கணினியில் மட்டும் இருக்கவேண்டியது. பிளீனரியின் பஸ்டெட் (டெஸ்ட் எழுதும் பகுதி) பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், பயனர் நிறுவத் தேவையில்லை. மினி.டெஸ்ட் என்ற இன்னொரு டெஸ்ட் லைப்ரரி தனி நியோவிம் ப்ராசஸைக் குழந்தையாக ஓட்டி அதற்குள் விசைகளைத் தட்டிச் சோதிக்கிறது. திரையோடு விளையாடும் பிளகினுக்கு அது தோது.

#10 ஒற்றைக்கொம்பு

சரி, டெஸ்ட்டில் ஒத்துக்கறேன். அசிங்க்கில் இல்லை, இன்னைக்கு ஒரு ப்ராசஸ்னு ஆரம்பிக்கிறது நாளைக்கு நாலாகும்.

அது இருக்கட்டும், கருந்திரை, ஜேசானில் 'நல்' வருமா? விம்.ஜேசான்.டீகோட் அதை நில் ஆக்காது, விம்.நில் என்ற தனி மதிப்பா தரும். அது இஃப்-இல் உண்மை. 'இஃப் ஐட்டம்.சஜஷன் தென்' என்று எழுதியிருந்தா, பரிந்துரை இல்லாத பிழைக்கும் உள்ளே போய், ஸ்ட்ரிங்கோட ஒட்டப் பார்த்து வெடிக்கும். டீகோடுக்கு இரண்டாவது ஆர்க்யுமென்டா 'லுவாநில்' ஆப்ஷன் இருக்கு, ஆப்ஜெக்ட், அர்ரே இரண்டுக்கும் ட்ரூ கொடுங்க. அர்ரேக்குக் கொடுக்குமுன் யோசிங்க, நடுவில் நில் விழுந்த லிஸ்டின் நீளத்தை நம்ப முடியாது.

எதிர்த்திசையில், காலி டேபிள் லிஸ்டாத்தான் போகும். வெளிநிரல் காலி ஆப்ஜெக்ட்டை எதிர்பார்த்தா விம்.எம்ப்டி_டிக்ட் கூப்பிட்டுக் கொடுக்கணும்.

#11 கருந்திரை

'நல்' வருகிறது, அந்த இடத்தில்தான் வெடித்தது. ஆப்ஷன் போட்டதும் சரியானது. பைட்இட்எக்ஸ்காம்ப்பும் வேலை செய்கிறது.

இன்னும் இரண்டு. சேமிக்கும்போது தானாக ஓடவேண்டிய ஆட்டோகமாண்ட் முதல் தடவை மட்டும் ஓடுகிறது, பிறகு ஓடுவதே இல்லை. கால்பேக்கில் என் ரன் ஃபங்ஷனை நேராகக் கொடுத்திருக்கிறேன். அடுத்தது, திருத்தங்களைத் தானாகவே போட்டுவிடும் கமாண்ட் ஒன்றும் சேர்க்க ஆசை. முழு பஃபரையும் என்விம்_பஃப்_செட்_லைன்ஸ் கொண்டு மாற்றினால் மடிப்புகளும் குறிகளும் கலைந்துவிடுகின்றன.

#12 நிரல்குருவி

முதலாவது: ரன் ஃபங்ஷன் எதையோ ரிட்டர்ன் பண்ணுது, அநேகமா விம்.சிஸ்டம் தரும் ஆப்ஜெக்ட்டை. ஆட்டோகமாண்ட் கால்பேக் உண்மையான மதிப்பைத் திருப்பித் தந்தா 'என் வேலை முடிஞ்சது, என்னை நீக்கிடு'ன்னு அர்த்தம். ஒரு வெறும் ஃபங்ஷனில் சுற்றி, உள்ளே ரன்னைக் கூப்பிட்டு, ரிட்டர்ன் இல்லாம விடுங்க. கூடவே 'க்ளியர்' ட்ரூவோட ஆட்டோகமாண்ட் குழுவில் போடுங்க, கோப்பை மறுபடி லோட் செஞ்சா இரட்டிப்பாகாது.

இரண்டாவதுக்கு விம்.டிஃப், 'ரிசல்ட்_டைப்' ஆப்ஷனில் 'இண்டிசஸ்'. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு எண் வரும்: பழையதில் தொடக்கம், எண்ணிக்கை, புதியதில் தொடக்கம், எண்ணிக்கை. தொடக்கம் 1-இலிருந்து, செட்_லைன்ஸ் 0-இலிருந்து. பழைய எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தா, தொடக்கத்தில் ஒன்றைக் கழிச்சு அங்கிருந்து அத்தனை வரியை மாற்றுங்க. பழைய எண்ணிக்கை 0 என்றால் அது வெறும் சேர்ப்பு. அப்போ தொடக்க எண் 'இந்த வரிக்குப் பிறகு' என்று பொருள்படும், ஒன்றைக் கழிக்கக் கூடாது. இதை விட்டுட்டா சேர்த்த வரி ஒரு வரி மேலே போய் உட்காரும்.

மாற்றங்களைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் போடுங்க. மேலிருந்து போட்டா முதல் மாற்றத்திலேயே கீழுள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துடும். டிஃப்புக்குக் கொடுக்கும் இரண்டு ஸ்ட்ரிங்கின் முடிவிலும் புதுவரி ஒட்டுங்க. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லேன்னா மாறாத கடைசி வரியும் மாறியதா வரும்.

#13 எழுத்தாணி

கான்ஃபிக் பகுதியையும் பார்த்தேன். பயனர் அமைப்பை விம்.ஜி-யில் (நியோவிமின் குளோபல் மாறிகள்) டேபிளாக வாங்குகிறீர்கள். விம்.ஜி ஒவ்வொரு தடவையும் நகலைத்தான் தரும். உள்ளே ஒரு புலத்தை மட்டும் மாற்றி எழுதினால் நகல் மாறும், மூலம் அப்படியே இருக்கும், பிழையும் வராது. முழு டேபிளையும் எடுத்து, மாற்றி, திரும்ப ஒதுக்கவேண்டும்.

விம்.டிபிஎல்_டீப்_எக்ஸ்டெண்ட் கொண்டு இயல்பமைப்போடு சேர்க்கும்போது லிஸ்ட்கள் ஒன்றோடொன்று சேராது, பயனர் கொடுத்த லிஸ்ட் மொத்தமாக இடம்பிடிக்கும். கோப்பு வகைகளுக்கு அது சரிதான், ஆனால் ரீட்மீயில் சொல்லிவிடுங்கள்.

விம்.வேலிடேட்டை ஒரே டேபிளாகக் கொடுக்கும் பழைய வடிவம் 0.11-இல் கைவிடப்பட்டது, பெயர், மதிப்பு, வகை என்று வரிசையாகக் கொடுக்கும் புதிய வடிவம் 0.11-இலிருந்துதான் வேலை செய்யும், 0.10-இல் செய்யாது. விம்.டிபிஎல்_ஈஸ்லிஸ்ட், விம்.டிபிஎல்_ஃப்ளாட்டன் இரண்டும் 0.10-லேயே கைவிடப்பட்டவை. முன்னதற்கு விம்.ஈஸ்லிஸ்ட், பின்னதற்கு விம்.ஐட்டர்.

#14 கருந்திரை

வெளிநிரல் இருக்கிறதா என்று பயனரே சோதித்துக்கொள்ள செக்ஹெல்த்தில் (நியோவிமின் சோதனைக் கட்டளை) சேர்க்க என்ன செய்யவேண்டும்?

#15 வால்மீன்

லுவா ஃபோல்டருக்குள் உங்கள் பிளகின் பெயரிலுள்ள ஃபோல்டரில் ஹெல்த்.லுவா என்று ஒரு கோப்பு. அது 'செக்' என்ற ஃபங்ஷன் உள்ள டேபிளைத் திருப்பித் தரவேண்டும். பதிவு எதுவும் தேவையில்லை, பெயரை வைத்தே நியோவிம் கண்டுபிடித்துக்கொள்ளும். உள்ளே விம்.ஹெல்த்.ஸ்டார்ட் தலைப்புக்கு, பிறகு ஓகே, வார்ன், எர்ரர். எர்ரருக்கு இரண்டாவது ஆர்க்யுமென்டாக என்ன செய்யவேண்டும் என்ற லிஸ்ட்டைக் கொடுக்கலாம்; நிறுவும் கட்டளையை அங்கே எழுதிவிடுங்கள். எக்ஸிபாத் தந்த முழுப் பாதையையும், நிரலை பதிப்பு ஆப்ஷனோடு ஓட்டிக் கிடைத்த விடையையும் ஓகே வரியில் அச்சிட்டால், இஷ்யூ போடுபவரிடம் அதையே ஒட்டச் சொல்லிக் கேட்கலாம்.